பென்சில் உறைக்கு அடிதான் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காதில் பென்சில் செருகாத தச்சரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். அளவெடுக்கக் குனிவார், பென்சில் சிமென்ட் தரையில் விழும், எடுத்து மறுபடி செருகிக்கொள்வார். அடுத்த முறை உளியால் சீவும்போது முனை அரை இன்ச் துண்டாகக் கழன்று வரும். இன்னும் சீவினால் இன்னொரு துண்டு. பென்சில் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. விழுந்த அன்றைக்கே உள்ளே உடைந்துவிட்டது. மரம் மூடியிருந்ததால் தெரியவில்லை.

காது இன்னொரு விதத்திலும் கெடுதல். பென்சில் என்பது இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே கரிக்குச்சியை வைத்து ஒட்டியது. அந்த மரமும் பெரும்பாலும் காஷ்மீரத்துப் புல்வாமா பக்கத்திலிருந்து வரும் பாப்ளர், மெத்தென்ற மரம். வியர்வையில் நனைவதும் வெயிலில் காய்வதுமாக இருந்தால் பெயின்ட் உரியும், பிறகு ஒட்டு விடும்.

இதற்காகச் சட்டையிலோ பேன்ட்டிலோ பெல்ட்டிலோ பென்சில் உறை தைத்துக்கொள்கிறார்கள் சிலர். நல்லதுதான். ஆனால் தைத்துப் போட்டவர்களே கொஞ்ச நாளில் காதுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ‘ஆடுது’, ‘குனிஞ்சா விழுது’, ‘குத்துது’, ‘துணியெல்லாம் கறுப்பு’ என்று நாலு புகார். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: பென்சில் உறையைச் சட்டைப் பையின் தம்பியாக நினைத்துத் தைப்பது. பையில் போடும் ரூபாய் நோட்டு படுத்துக் கிடக்கும். பென்சிலோ தன் கூர் முனைமேல் நிற்கும். பைக்கு வாய் எப்படியோ, பென்சில் உறைக்கு அடி அப்படி. தச்சும் தையலும் பார்க்கிறவர்கள் என்ற முறையில் அளவோடு எழுதுகிறோம். தையல்காரர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பென்சிலை அளந்துகொள்ளுங்கள். தச்சுப் பென்சில் தட்டை. அகலம் சுமார் 15 மில்லிமீட்டர், கனம் 7 மில்லிமீட்டர், புதிதாக இருக்கும்போது நீளம் 7 இன்ச். பள்ளிக்கூடப் பென்சில் ஆறு பட்டை; ஒரு பட்டையிலிருந்து எதிர்ப் பட்டைக்கு 7 மில்லிமீட்டர், நீளம் அதே 7 இன்ச். தச்சர் இதை நூலில் சொல்வார்: தட்டைப் பென்சில் அகலம் 5 நூல், கனம் 2 நூலுக்குக் கொஞ்சம் மேலே. தையல் கடையில் நூல் என்றால் ஊசியில் கோக்கிற நூல்! அங்கே அரைக்கால் இன்ச் என்று சொல்ல வேண்டும். ஒரு இன்ச்சுக்கு 8 நூல். ஒரு நூலும் அரைக்கால் இன்ச்சும் ஒன்றுதான். வாயால் அளவு சொல்வதைவிடப் பென்சிலையே கடையில் கொடுத்துவிட்டு வருவது மேல்.

அகலத்தில்தான் முதல் தப்பு நடக்கிறது. பென்சில் 5 நூல் அகலம் என்று 5 நூல் இடைவெளியில் இரண்டு தையல் ஓட்டினால் பென்சில் நுழையாது, ஏனென்றால் கனத்துக்கு இடமே விடவில்லை. நுழையவில்லையே என்று அடுத்து ஒன்றரை இன்ச் வைக்கிறார்கள். அது கிலுகிலுப்பை மாதிரி ஆடுகிறது. சரியான கணக்கு இது: அகலத்தையும் கனத்தையும் கூட்டி, ஒரு நூல் தளர்ச்சி சேர்க்க வேண்டும். தட்டைப் பென்சிலுக்கு 5, 2, 1 சேர்ந்து 8 நூல், அதாவது தையலுக்குத் தையல் ஒரு இன்ச். ஆறு பட்டைப் பென்சிலுக்கு 5 நூல் போதும். இது முன்துணி, பின்துணி இரண்டும் வளையக்கூடிய தனி உறைக்கு. கெட்டி ஜீன்ஸ் பேன்ட்மேல் நேரடியாகப் பதித்துத் தைப்பதென்றால் பின்னால் இருக்கும் துணி வளையாது, முழு வளைவையும் முன்துணிதான் தர வேண்டும். அப்போது முன்துணியை 10 நூல் அகலத்துக்கு வெட்டி (தையல் மடிப்பு தனி), பேன்ட்டில் 6 நூல் இடைவெளிக்குள் தைத்தால், நடுவில் உப்பலாக நிற்கும். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். பென்சில் போனதும் சரியாகிவிடும்.

இனி அடி. கூர் முனையை மேலே வைத்துச் செருகுகிறவர்கள் உண்டு, முனை உடையாது என்பதற்காக. குனியும்போது அது தாடைக்கோ கண்ணுக்கோ நேராக வரும், வேண்டவே வேண்டாம். கூர் கீழேதான் இருக்க வேண்டும். கீழே இருந்தால் என்ன ஆகிறது? ஒவ்வொரு முறை செருகும்போதும் கூர் ஒரே இடத்தில் இடிக்கிறது. எவ்வளவு கெட்டிக் கான்வாஸாக இருந்தாலும் இழை விலகி ஓட்டை விழும். பிறகு முனை வெளியே நீட்டித் தொடையைக் குத்தும், பேன்ட்டெல்லாம் கறுப்பாகும். துணியை இரண்டாக மடித்தாலும் ஓட்டை விழுவது தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

அதனால் அடியில் தோல் வேண்டும். செருப்புத் தைப்பவரிடம் கேட்டால் துண்டுத் தோல் கிடைக்கும். ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கனம், ஒன்றரை இன்ச் நீளம், ஒன்றே முக்கால் இன்ச் அகலம். நீளவாக்கில் நடுவில் மடித்து, தொட்டில் மாதிரி உறையின் அடிக்குள் வைத்து, இரண்டு பக்கத் தையலிலும் அதன் ஓரம் சிக்கும்படி ஓட்ட வேண்டும். ரெக்ஸினும் உழைக்கும். ஆனால் துணியில் பூசிய மெல்லிய ரெக்ஸின் சீக்கிரம் பொரிந்து உதிரும். கெட்டியானதாகப் பார்த்து எடுங்கள்.

அடியில் இன்னொரு சங்கதி இருக்கிறது, இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. மரத்தூளும் சீவல் பொடியும் சிமென்ட் தூளும் உறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். வியர்வை ஈரத்தில் அது இறுகி, அடி மேலே மேலே ஏறும். நாலரை இன்ச் ஆழத்துக்குத் தைத்த உறை மூன்றரை ஆகிவிடும். பென்சிலில் சரிபாதி வெளியே நிற்கும், குனிந்தால் விழும். எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது, வாய் பெரிதாகிவிட்டது என்று நினைத்து வாயைத் தைத்துச் சின்னதாக்குவார்கள். குற்றம் வாயில் இல்லை, அடியில். பக்கத் தையலை மடிப்பிலிருந்தே தொடங்காமல் ஒன்றரை நூல் மேலே தள்ளித் தொடங்கினால் இரண்டு மூலையிலும் சின்ன வாசல் கிடைக்கும். தூள் உதிர்ந்துவிடும், துவைத்தால் தண்ணீரும் வடியும். தட்டை முனை நடுவில் நிற்பதால் அந்த வாசல் வழியே வெளியே வராது.

ஆழம்: 7 இன்ச் பென்சிலுக்கு உள்ளே நாலேகால் முதல் நாலரை இன்ச். வெளியே இரண்டரை இன்ச்சாவது தெரிந்தால்தான் பார்க்காமலே விரலால் பிடித்து உருவ முடியும். பென்சிலில் பாதிக்கு மேல் உள்ளே இருக்க வேண்டும், இதுதான் கணக்கு. சீவிச் சீவி 4 இன்ச்சுக்கு வந்துவிட்ட பென்சில் உறைக்குள் மூழ்கிவிடும். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்கென்று பக்கத்திலேயே 3 இன்ச் ஆழத்தில் இரண்டாவது அறை தைப்பது ஒரு வழி. இல்லையென்றால் மரக்கட்டைத் துண்டு ஒன்றை, ஒரு இன்ச் உயரத்துக்கு, அடியில் போட்டுவிடலாம். காசில்லாத வழி இது.

எங்கே மாட்டுவது என்பதைப் பென்சில் தீர்மானிக்கக் கூடாது, உடம்புதான் தீர்மானிக்க வேண்டும். நம் ஊர் தச்சு வேலையில் பாதி தரையில் உட்கார்ந்தும் குந்தியும் நடக்கிறது. உட்கார்ந்தால் இடுப்பும் தொடையும் சேரும் இடம் மடங்கும். அந்த மடிப்புக்குக் குறுக்கே, மேலே பாதி கீழே பாதியாக இருக்கும் பென்சில் ஒன்று உடையும், அல்லது வயிற்றில் குத்தும். பேன்ட்டின் முன்பையில் வைத்த பென்சில் பட்டென்று முறிவது இதனால்தான். இடுப்பு மடிப்புக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, தொடையின் வெளிப்பக்கத் தையலை ஒட்டி வைத்தால் ஆபத்தில்லை. தொடை எலும்பு மடங்காதல்லவா. பெல்ட்டிலிருந்து உறையின் வாய்க்கு 6 இன்ச் இறக்கினால் பெரும்பாலானவர்களுக்குக் கை இயல்பாகப் போய் விழும் இடம் அது. நெஞ்சுப் பை இரண்டாம் பட்சம். குனிந்தால் வாய் தரையைப் பார்க்கும். வாயில் எலாஸ்டிக் இல்லாமல் அங்கே வைக்காதீர்கள். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைச் சீருடைகளில் இடது கையில் பேனாவுக்கு அறை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழுக்கைச் சட்டைக்கு அது சரி. அரைக்கைச் சட்டையில் 5 இன்ச் உறைக்கு இடம் போதாது.

லுங்கியும் அகலப் பச்சை பெல்ட்டும் கட்டுகிறவர்களுக்கும், பேன்ட்டில் ஊசி போட மனமில்லாதவர்களுக்கும் பெல்ட்டில் தொங்கும் தனி உறைதான் நல்லது. ஒரே பட்டைத் துணியில் முடியும். கிழிந்த ஜீன்ஸின் கால் பகுதி போதும். புதுக் காக்கி ட்ரில், கான்வாஸ் என்றால் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து வெட்டுங்கள். சுருக்கம் நூற்றுக்கு 5 என்று வைத்தாலும் ஒரு இன்ச் அகலத்தில் அரை நூல்கூடக் குறையாது. 5 இன்ச் உயரத்தில் மட்டும் 2 நூல் போகும். பயம் அளவைப் பற்றியதல்ல: துணி சுருங்கும், தோல் அதே அளவுக்குச் சுருங்காது, அடி கோணிக்கொள்ளும்.

ஒன்றரை இன்ச் பெல்ட்டுக்குப் பட்டையின் நீளம் 14 இன்ச், அகலம் ஒன்றே முக்கால் இன்ச். ஒரு நுனியை அரை இன்ச் மடித்துத் தையுங்கள், இது வாய். எலாஸ்டிக் வைப்பதென்றால் இப்போதே: அரை இன்ச் அகல எலாஸ்டிக், 7 நூல் நீளம், இழுத்துப் பிடித்து வாயின் உட்பக்கம் ஒரு இன்ச்சுக்கு வருமாறு. இதைத் தனித் தையலாக ஓட்டுங்கள். எலாஸ்டிக் வியர்வையில் சீக்கிரம் செத்துப்போகும், அப்போது உறை முழுவதையும் பிரிக்காமல் இதை மட்டும் மாற்றலாம். வாயிலிருந்து நாலேகால் இன்ச் கீழே மடிப்பு. அதற்குள் தோல் தொட்டில். மடிப்பிலிருந்து பின்துணி மேலே 5 இன்ச் போகும், முன்னதைவிட முக்கால் இன்ச் உயரம். பென்சிலைக் கண்ணால் பார்க்காமல் செருகும்போது அந்த உயரமான பின்பக்கம்தான் முனைக்கு வழிகாட்டும். மிச்சம் இருக்கும் நாலு இன்ச் சொச்சத்தின் பக்க ஓரங்களை மூன்று நூல் உள்ளே மடித்து ஒரு இன்ச் பட்டையாக்கி, பெல்ட் நுழையப் பின்பக்கமாக வளைத்து, நுனியை அரை இன்ச் மடித்து, பின்துணியின் உச்சியில் பெட்டித் தையலாகப் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல். பெல்ட் அகலம் மாறினால் ஒவ்வொரு கால் இன்ச்சுக்கும் பட்டையில் அரை இன்ச் கூட்டுங்கள். வளையம் இரண்டு மடிப்பு.

பக்கத் தையலை வெளியிலிருந்தே ஓட்ட வேண்டும். சட்டைக் கைக்குச் செய்வது போல உட்புறமாகத் தைத்துத் திருப்பினால், முதலில் ஒரு இன்ச் குழாயைத் திருப்பவே முடியாது. திருப்பினாலும் உள்ளே மூன்று மூன்று நூல் தையல் ஓரம் போய்ப் படுத்துக்கொண்டு பென்சில் இடத்தைத் தின்றுவிடும். வெளி ஓரத்துக்கு ஓவர்லாக்கோ நாடாவோ போதும். ஊசி 16-ஆம் நம்பர், தோலும் இரண்டு ஜீன்ஸும் சேரும் அடியில் 18. தையல் நீளம் 3 மில்லிமீட்டர். அதற்குக் கீழே குறைத்தால் தோலில் ஓட்டைகள் நெருங்கி, தபால் தலைத் தாள் மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும். காட்டன் நூல் வியர்வையில் இற்றுப்போகும், பாலியெஸ்டர் போடுங்கள். தோலும் ரெக்ஸினும் மெஷின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் மேலே செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்து ஓட்டிவிட்டுக் கிழித்தெடுக்கலாம். (உங்கள் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு உபயோகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) வாயின் இரண்டு ஓரத்திலும் முன்னும் பின்னுமாக மூன்று தடவை அடித்து நிறுத்துங்கள். உறை கிழிவது வாயில் ஆரம்பிக்கும்.

தையல் கடைக்குப் போக நேரமில்லாதவர்கள் சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டுப் பாருங்கள். 6 இன்ச் வெட்டி, ஒரு நுனியை ஒரு இன்ச் மடித்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினால் உறை ஆகிவிடும். ரப்பர் பிடி இருப்பதால் குனிந்தாலும் பென்சில் விழாது. ஆனால் உள்ளே பவுடர் கொஞ்சம் தூவாவிட்டால் பென்சில் ஒட்டிக்கொள்ளும், வெயிலில் ரப்பர் பிசுபிசுத்து வெள்ளைச் சட்டையில் கறை வைக்கும். கட்டுக்கம்பியின் நுனியை உள்ளே மடக்க மறந்தால் பென்சிலுக்குப் பதில் கம்பி குத்தும். அவசரத்துக்கு ஆகும், நிரந்தரத்துக்கு ஆகாது.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் வேலை செய்கிறவர்கள் பாலிஷ் போட்ட கல்லில் மெழுகுப் பென்சிலால் குறி போடுவார்கள். அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மெழுகு வெயிலில் இளகும், தொடையோடு ஒட்டிய உறையில் உடல் சூடும் சேரும். வளையும், துணியில் ஏறும். கரிக் கறையாவது போகும், மெழுகுக் கறை லேசில் போகாது. எலக்ட்ரிகல் பிவிசி பைப் 5 இன்ச் வெட்டி, அடியில் மூடி போட்டு, அதைத் துணி உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுப் பென்சிலும் கரிப் பென்சிலும் ஒரே அறையில் வேண்டாம். மெழுகு ஒட்டிய முனை மரத்தில் கோடு விழாமல் வழுக்கும்.

மாட்டும் வகைகளில் ஊக்கு மலிவு. மெல்லிய துணியில் நேரே குத்தினால் கிழியும், துருக்கறையும் வரும். பின்னால் ஒரு ஒட்டுத்துணி வைத்துக் குத்த வேண்டும். வெல்க்ரோ தச்சர்களுக்கு ஆகாது. மரத்தூளும் பஞ்சும் கொக்கிகளில் ஏறிப் பிடிப்பு போய்விடும், பழைய சீப்பால் வாரிச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். பென்சிலைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். வட்ட ரம்பமோ டிரில்லிங் மெஷினோ ஓடும் இடத்தில் தொங்கும் கயிறு சுற்றினால் கையை எடுக்க நேரம் இருக்காது. உறை பெல்ட்டோடு, கயிறில்லாமல்.

சீவும் விதத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். உறையில் வைக்கிற பென்சிலுக்கு முனை 2 நூலுக்கு மேல் வெளியே நீளக் கூடாது. அரை இன்ச் நீட்டிச் சீவினால் எந்தத் தோலும் காப்பாற்றாது. உளி வாய் மாதிரி பட்டையாகச் சீவி, மழுங்கினால் 120-ஆம் நம்பர் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. உப்புத்தாள் துண்டை உறையின் வெளியே ஒட்டிவைக்கிறார்கள் சிலர். யோசனை நல்லதுதான், கையை உரசும், கரித்தூள் கொட்டும். சட்டைப் பையில் மடித்து வையுங்கள்.

பிள்ளைகள் விஷயம் தனி. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சட்டையில் பென்சில் உறையே வேண்டாம், பைக்குள் பென்சில் டப்பா போதும். ஓடி விழும் வயதில் நெஞ்சருகே கூரான எதுவும் கூடாது. பென்சில் குத்தினால் ஈயம் உடம்பில் ஏறும் என்று பெற்றோர் பயப்படுவதுண்டு. பென்சில் முனையில் ஈயம் இல்லை; கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது, 1795-இல் பிரான்சின் கோன்டே கண்ட முறை. தோலுக்குள் துணுக்கு தங்கினால் பச்சை குத்தியது போல நீலப்புள்ளி நிற்கும், விஷமில்லை. பயப்பட வேண்டியது கண்ணுக்கு.

ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகள் எப்படியும் சட்டைப் பையில் பென்சில் வைக்கத்தான் போகிறார்கள். அதற்கு எளிய வழி இருக்கிறது. சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த, 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் விலையில்லாச் சீருடை தருகிறார்கள். மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களில் அவை தைக்கப்படுகின்றன. மேல் வகுப்புச் சட்டைகளில் மட்டும், பையின் ஓரத் தையலிலிருந்து 5 நூல் தள்ளி, வாயிலிருந்து அடிவரை நேராக ஒரு தையல் ஓட்டச் சமூக நலத் துறை மாதிரி அளவில் சேர்க்கலாம். மெல்லிய துணி என்பதால் இந்த இடைவெளியே போதும், தனித் துணி வேண்டியதில்லை. அறையின் அடியில் அதே துணியில் ஒரு இன்ச் ஒட்டு, வாயில் அடித்து நிறுத்திய தையல். சட்டைக்கு ஒரு நிமிட வேலைகூட இல்லை. பென்சில் சாயாமல் நேராக நிற்கும். முனைக்கு மூடி போட்டுத்தான் வைக்க வேண்டும் என்பதை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பழைய ஸ்கெட்ச் பேனா மூடி பொருந்துகிறதா என்று போட்டுப் பார்க்கலாம், கழன்று விழாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே கறுப்பான சட்டைகளுக்கு ஒரு வார்த்தை. கரிக்கறையில் முதலில் தண்ணீர் படக் கூடாது. ஈரத்தில் தேய்த்தால் தூள் இழைக்குள் இறங்கிப் பரவும். காய்ந்த துணியை உதறி, வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் அழித்துவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

இப்படிக்கு,
தச்சு, தையல் வேலை செய்பவர்கள்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.